என் முகத்தில் அத்தை

அம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அன்று வயலிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். வேளாண்மைத் துறையில் வேலை எனக்கு. ஒரத்தநாட்டுப் பக்கம் சில கிராமங்கள் என் பொறுப்பு. காலையிலிருந்து வரப்பில் நின்று, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, விதை முளைக்கவில்லை, உரம் வரவில்லை என்று ஆளாளுக்குச் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் தஞ்சாவூர் வந்து சேரும்போது முகத்தில் உப்பு பூத்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தேன். நாற்காலியில் இருந்த அம்மா சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க அண்ணி, எப்ப வந்தீங்க? இந்த வெயில்லயா வந்தீங்க?"

எங்கள் குடும்பத்தில் புருஷனின் அக்காவை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், என் அத்தை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. காரியத்துக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் சாம்பார் ஊற்றியவள் நான்.

அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுப்பில் வைத்த பாலை மறப்பாள், சாப்பிட்டதை மறப்பாள், அப்பா இறந்ததை மறந்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனவரை இன்னும் காணோமே என்பாள். அதெல்லாம் பழகிவிட்டது. என்னையே மறப்பாள் என்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும், நமக்கு நடக்காது என்று ஒரு திமிர் எல்லாருக்கும் இருக்கிறதே, அதுதான்.

சரியாகச் சொன்னால் அம்மா என்னை மறக்கவில்லை. அவள் மனசில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமானால் கேட் அருகில் போய் நின்று என் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள். நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, "எம்பொண்ணு இன்னும் வரலையே அண்ணி, வழியில பார்த்தீங்களா?" என்று என்னிடமே கேட்பாள்.

ஏன் அத்தை? அன்று ராத்திரி பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் கண்ணாடியைப் பார்த்தேன். அடிப்பாவி, அத்தையேதான்! மூக்கின் இரண்டு பக்கமும் இறங்கி வாயைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பள்ளம், புருவத்துக்கு நடுவில் நெட்டாக நிற்கும் அந்தக் கோடு, கண்ணோரத்தில் விசிறிபோல் விரிந்த சுருக்கம். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு அப்பா வீட்டு முகம் வந்துவிட்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. தினமும் பொட்டு வைத்துக்கொள்ள நெற்றியில் ஓர் இடத்தை மட்டும் பார்ப்பவளுக்கு மீதி முகம் எப்படித் தெரியும்?

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வந்ததும் சமையலறை அலமாரியில் விரலால் தேய்த்துத் தூசி பார்ப்பார். அவர் கூடத்தில் இருந்தால் அம்மா உட்கார மாட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அம்மா வாயில் ஒரு பருக்கை போகாது. நாத்தனார் என்றால் எங்கள் குடும்பங்களில் அப்படி. தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டவர் அல்லவா, முடிச்சின் நுனி கடைசி வரை அவர் கையில்தான் இருக்கும். அவர் ஊருக்குப் போன பிறகுதான் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, "ஏண்டி, அந்தக் காபியைக் கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டா" என்பாள்.

இப்போது அந்த அம்மா என் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள். பெற்ற தாய் மகளைப் பார்த்துப் பயந்து, மரியாதையாக ஓரமாக நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அந்த எரிச்சலை யாரிடம் சொல்வது? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி அமெரிக்காவில். வாரத்துக்கு ஒரு தரம் போன் செய்வான். அம்மாவுக்கு அவன் குரல் மட்டும் கேட்கும், முகம் தெரியாது. அதனால் அவன் இன்னும் அவளுக்குப் பிள்ளை. பக்கத்திலேயே கிடந்து குளிப்பாட்டித் துவட்டி விடுகிற நான் நாத்தனார். இதைத்தான் தலையெழுத்து என்கிறார்கள் போலிருக்கிறது.

குரல் விஷயம் எனக்கும் பொருந்தும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்டுபிடித்தேன். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, பழக்கதோஷத்தில், "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கத்தினேன். கூடத்திலிருந்து, "போட்டேண்டி, தொணதொணக்காத" என்று பதில் வந்தது.

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. ஓடிப்போய் வாசல்படியில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், எழுந்தாள், முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் நான் சமையலறையிலேயே கிடந்தேன். சுவரின் அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். ஆபீஸ் கதையெல்லாம் சொல்வேன், அவள் ஊம் கொட்டுவாள். நடுவில் ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்தால் போச்சு. சில சமயம் அவளே என்னைத் தேடிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள். வந்தவள் அத்தையைப் பார்த்துவிட்டு, சமையலறையில் தூசி இருக்குமோ என்று பதறிப்போய் மேடையைத் துடைக்க ஆரம்பிப்பாள்.

ஆக, குரலில் குற்றம் இல்லை. குற்றம் முகத்தில். முகத்தில்கூட இல்லை, அந்தச் சுருக்கங்களில். அவை போய்விட்டால் அம்மாவுக்கு நான் கிடைத்துவிடுவேன், எனக்கு அம்மா கிடைத்துவிடுவாள். இவ்வளவுதான் என் கணக்கு. வேளாண்மை படித்தவள் புத்தி அப்படித்தான் போகும். களை இருக்கிறது, எடுத்துவிட வேண்டியதுதான்.

முதலில் சமையலறை வைத்தியம். போன் வீடியோவில் ஒரு பெண் சொல்லச் சொல்ல முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசிக்கொண்டேன். காய்ந்து இறுகி, கொட்டாவி விட்டால் முகமே கிழிந்துவிடும்போல் இருந்தது. கழுவிய பிறகு பள்ளங்கள் அங்கேயே இருந்தன, கூடவே முட்டை நாற்றம். பிறகு கற்றாழை, பிறகு தயிரில் குழைத்த கடலைமாவு, பிறகு அரிசி களைந்த தண்ணீர். கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, நாக்கைத் துருத்தும் முகப் பயிற்சியும் செய்தேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க்கா, யாராச்சும் பார்க்க வர்றாங்களா?" என்று கேட்டாள். கிண்டல்தான், ஆனால் கண்ணில் ஒரு ஆவலும் இருந்தது. வந்தால் நல்லதுதானே என்று நினைத்தாளோ என்னவோ. "ஆமா, பொண்ணு பார்க்க வர்றாங்க, கேசரி கிண்டி வை" என்றேன்.

ஆபீஸிலும் வாய்கள் சும்மா இருக்கவில்லை. ரிட்டயர் ஆகப் போகிற வயசில் மேடத்துக்கு என்ன வந்தது என்று பேசிக்கொண்டார்கள். உலைமூடியால் ஊர்வாயை மூட முடியுமா? நான் குடையைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுக்க வெள்ளையாக சன்ஸ்கிரீன் அப்பிக்கொண்டு வரப்பில் நடந்தேன். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பில் விஷமில்லை. அவர்கள் முகமும் என் முகம்போலத்தான், வெயில் உழுத முகம்.

பார்லருக்குப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண் ஏதேதோ பூசி, நீராவி காட்டி, கன்னத்தை மேலே மேலே தள்ளிவிட்டாள். "நல்லா டைட் ஆயிடுச்சு ஆன்ட்டி" என்றாள். வெளியே வந்து ஆட்டோ கண்ணாடியில் பார்த்தேன். அத்தை கொஞ்சம் பளபளப்பாகத் தெரிந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அம்மா பகல் முழுக்கச் சாப்பிடாமல், பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை ஆட்டிவைப்பாள். குளிக்க மாட்டாள், மாத்திரையைத் துப்புவாள். நான் வந்து உட்கார்ந்து, முதலில் என் தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நீ உக்காந்து சாப்பிடு" என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். அண்ணி சாப்பிட்டாயிற்று, இனி தான் சாப்பிடலாம். அண்ணி சொன்னால் குளிக்க வேண்டும். "நீங்க வந்தாத்தான்க்கா அவங்க வயித்துக்கு ஏதாச்சும் போவுது" என்று அந்தப் பெண் ஒருநாள் சொன்னாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு ஊசி குத்தியதுபோல் இருந்தது. என் கையால் சாப்பிடவில்லையே, அத்தை கையால் அல்லவா சாப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவராவது இருப்பார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷம் வெயிலில் திரிந்ததற்கு இது குறைவுதான் என்றார். ராத்திரியில் போட்டுக்கொள்ள ஒரு கிரீம் இருக்கிறது, பலன் தெரியப் பல மாதம் ஆகும். சீக்கிரம் வேண்டுமென்றால் நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் ஒரு ஊசி, வாயோரப் பள்ளத்தை நிரப்ப இன்னொரு ஊசி. நிரந்தரமில்லை, நாளாக ஆக இறங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். எனக்குச் சீக்கிரம் வேண்டும் என்றேன்.

"ஏதாவது ஃபங்ஷனா மேடம்?"

"எங்க அம்மாவைப் பார்க்கணும்."

"ஓ. அம்மா எங்க இருக்காங்க?"

"வீட்டுலதான்" என்றேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

வலித்தது. வலியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஊசி என்றால் வலிக்கத்தான் செய்யும். வீக்கம் வடியும்வரை அம்மா கண்ணில் படாமல் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். கோடுகள் ஒவ்வொன்றாக மங்கின. தலைக்குச் சாயம் அடித்தேன். நடு வகிடு எடுத்து, கல்லூரியில் போட்டதுபோல் ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் அத்தை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். நானே எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் என்ன வெட்கம்?

அன்று சாயங்காலம் மல்லிகைப்பூகூட வாங்கி வைத்துக்கொண்டேன். அம்மா கேட் அருகில் நின்றிருந்தாள். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கியவள்போல் தோளில் பையுடன் நடந்து வந்தேன். ஐம்பது தாண்டியவள் பெற்ற அம்மாவின் முன்னால் போய் நிற்க இத்தனை ஒத்திகை.

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். அண்ணியைக் கண்ட பதற்றம் அவள் முகத்தில் இல்லை. முந்தானையை இழுக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. "அம்மா" என்று சிரித்தேன். நெற்றியும் கண்ணும் அசையாமல் வாய் மட்டும் சிரித்திருக்கும் போலிருக்கிறது.

"யாரும்மா நீ? யாரைப் பார்க்கணும்?" என்றாள் அம்மா. பிறகு கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவள் மனசில் இருந்த மகளின் முகத்துக்கும் இந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் மகள் ஒரு சின்னப் பெண். சுருக்கத்தை எடுத்துவிட்டால் கிழவி சின்னப் பெண்ணாகிவிட மாட்டாள். நான் அத்தையையும் இழந்தேன், மகளும் ஆகவில்லை. என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே தலையில் பூவும் தோளில் பையுமாக நின்றேன். பகலில் வரும் பெண் வந்து திறந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "உள்ள வாங்கக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைக்கவே பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவள் கையால் யார் சாப்பிடுவார்கள்? நான் தட்டோடு போனால் அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள். குளிப்பாட்டப் போனால் கையைத் தட்டிவிட்டாள். "எங்க அண்ணி வரட்டும், சொல்றேன்" என்று என்னை மிரட்டினாள். சமையலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து பேசினால் மட்டும் பழையபடி பதில் வரும். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேண்டி என்று பொய் சொல்வாள். குரலால் சோறு ஊட்ட முடியாது. அம்மா என் கண்ணெதிரே இளைத்தாள். தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டுக்கு மேல் தெரிந்தது. பகலில் வரும் பெண்தான் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாய் கஞ்சியாவது இறக்குவாள். ராத்திரிகளில் அதுவும் இல்லை.

தம்பியிடம் சொன்னேன். நல்ல ஹோம் ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். அவன் மேல் கோபம் இல்லை. அவன் அங்கிருந்து வேறு என்ன சொல்ல முடியும்? என் மேல்தான் கோபம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்.

உலகத்தில் எல்லாப் பெண்களும் சுருக்கம் போகக் காத்திருப்பார்கள். நான் அது திரும்பி வரக் காத்திருந்தேன். குடையைத் தூக்கிப் போட்டேன். சன்ஸ்கிரீன் டப்பாவை ஆபீஸில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழை நின்று வெயில் காய்ந்த நாட்களில் வேண்டுமென்றே முகத்தை நிமிர்த்திக்கொண்டு வரப்பில் நின்றேன். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் போய்ப் புருவத்தைச் சுளிப்பேன். மாவுபோல் வழவழவென்று இருக்கும் நெற்றி. கத்திக் கோபித்தாலும் அதில் ஒரு கோடு விழாது. இந்த முகத்தைச் சம்பளக் காசைக் கொட்டி வாங்கினேனே என்று ஆற்றாமையாக இருக்கும்.

டாக்டர் சொன்னது பொய்யில்லை, நாளாக ஆக இறங்கியது. முதலில் புருவத்துக்கு நடுவே ஒரு நிழல் தெரிந்தது. பிறகு கண்ணோரம். சாயம் போன முன்நெற்றியில் நரை எட்டிப் பார்த்தது. வாயோரப் பள்ளம்தான் வருவேனா என்றது. அது முழுதாக வருவதற்குள்ளேயே ஒருநாள் காலையில் நான் காபியோடு கூடத்துக்கு வந்தபோது, அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இளைத்த கால் நடுங்கியது.

"வாங்க அண்ணி. எத்தனை நாளாச்சு! ஒரு பொம்பளை வந்து என்னைப் பாடாப் படுத்திட்டா" என்றாள்.

"அவளைத் துரத்திட்டேன். நீ உக்காரு" என்றேன். அன்று இரண்டு இட்லியை முதலில் நான் தின்றேன். அம்மா பின்னால் மூன்று தின்றாள். நான் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கார்த்திகையில் விடாமல் மழை பெய்து சம்பா பயிர் தண்ணீரில் நின்றது. சேதம் கணக்கெடுக்கப் போன இடத்தில் ஒரு விவசாயி என்னைக் கண்டபடி திட்டினார். அவர் பயிர் அழுகுகிறது, திட்டத்தான் செய்வார். முழங்கால் வரை சேறோடு நனைந்து வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு வாசலையே பார்த்தாள். எம்பொண்ணு இன்னும் வரலையே, மழையில எங்க நிக்குதோ என்று ஆரம்பித்தாள். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு வாய்க்கும் அதே பேச்சு. எனக்குள் ஏதோ அறுந்தது.

"வரமாட்டா. வந்துதான் என்ன ஆவப்போவுது? அந்த மூஞ்சிய ஆசையாப் பார்க்க இந்த உலகத்துல யாரு இருக்கா?"

அத்தை சொல்லக்கூடியதுதான். ஆனால் சொன்னது நான், என்னைப் பற்றி. பல வருஷமாக உள்ளே கிடந்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். அத்தையை அவள் அப்படிப் பார்த்து நான் ஒரு நாளும் கண்டதில்லை.

"அண்ணி, இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. என்னை என்ன வேணா சொல்லுங்க. எம்பொண்ணு மூஞ்சியப் பத்திப் பேசாதீங்க. நான் இருக்கேன். அந்த மூஞ்சியப் பார்க்கத்தான் தினம் வாசல்ல நிக்கிறேன்."

அம்மா, நான்தான் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் குழம்பிப்போய், பயந்து, சாப்பாட்டை அப்படியே விட்டிருப்பாள். அழவும் முடியாது, அத்தை அழுது அவள் பார்த்ததில்லை. அவள் தள்ளி வைத்த தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். வெளியே மழை ஓடுகளில் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கே தன் துணிச்சலை நினைத்துப் பயம் வந்துவிட்டது. என் கையை மெல்லத் தொட்டாள்.

"கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடாதீங்க அண்ணி. அவ வந்ததும் உங்க கால்ல விழுந்து கும்பிடச் சொல்றேன்."

"சரி, பேசல. நீ சாப்பிடு. அவ வரட்டும், இருந்து பார்த்துட்டே போறேன்" என்றேன்.

அம்மா தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.